போகாமல் கிடந்த மெயில்

பம்பு கம்பெனியிலிருந்து போன் வந்தபோது சின்னவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு "அனுப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கும்போதுதான், எதை அனுப்பப் போகிறோம் என்று யோசித்தாள்.

இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவள் வேலை. அந்தக் கம்பெனிக்கு முன்பு ஒரு கையேடு செய்து கொடுத்திருந்தாள். அது அச்சுக்குப் போகாமலே நின்றுபோனது. இப்போது திடீரென்று தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய இஞ்சினியர் வரி வரியாகத் திருத்திய கடைசி வடிவம் அவர்களிடம் இல்லையாம். இஞ்சினியரும் வேலையை விட்டுப் போய்விட்டாராம். "உங்க மெயில்ல இருக்குமே மேடம், சாயங்காலத்துக்குள்ள வேணும், பிரஸ்ல மெஷின் காலியா நிக்குது" என்றார்கள்.

இருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். பின்னறையில் கணினியைப் போட்டு மெயிலைத் திறந்தாள். போன வருஷத்திலிருந்து வந்த மெயில்கள் மட்டும் இருந்தன. அதற்கு முந்தையது ஒன்றுகூட இல்லை. கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினாள், இஞ்சினியரின் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது.

"சின்னவளே, யாரு போன்ல?" அம்மா முன்னறையிலிருந்து கேட்டாள்.

"ஆபீஸ்மா."

"எந்த ஆபீஸ்?"

அவள் கணவருக்குப் போன் போட்டாள். அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். காலை நேரத்தில் போனை எடுப்பதே பெரிய விஷயம்.

"ஏங்க, கம்ப்யூட்டர் கெட்டுப்போய் கடையில குடுத்தோமே, அப்போ பழைய மெயில் எல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"எல்லாம் காப்பி பண்ணியாச்சுன்னு அவன்தான் சொன்னான்."

"நீங்க பாத்தீங்களா?"

"உன் மெயிலை நான் எதுக்குப் பாக்கறேன்?" என்றார். "பழைய டிஸ்க்கை ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தானே, அலமாரியில இருக்கும் பாரு. இங்க க்யூ நிக்குது, வச்சிடறேன்."

அலமாரியில் இல்லை. மேல் தட்டில், புடவைகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எங்கும் இல்லை. நடுவில் கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் பிடித்தாள். பின்னால் யாரோ டிரில் போடுகிற சத்தத்தில் அவர் கத்திப் பேசினார்.

"உங்க மெயில் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கும் மேடம். மூட்டை கட்டி வச்ச மாதிரி. நீங்க வச்சிருக்கறது பழைய செட்டிங். மெயிலை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு சர்வர்ல அழிச்சிடும். அதனால அந்த ஃபைல் கிடைச்சா எல்லாம் கிடைச்ச மாதிரி. கிடைக்கலைன்னா..."

"கிடைக்கலைன்னா?"

"முதல்ல டிஸ்க்கைத் தேடுங்க மேடம்."

சமையலறை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தாள். தேய்ந்த பேட்டரிகளும் சாவி இல்லாத பூட்டுகளும் உருண்டன. சத்தம் கேட்டு அம்மா வாக்கரைத் தட்டிக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டாள்.

"வீட்டை ஏன் தலைகீழா ஆக்கற? என்னத்தைத் தொலைச்ச?"

"ஒரு கறுப்பு டப்பாம்மா. உள்ளங்கை அளவு இருக்கும். கூட ஒரு குட்டி வயர்."

"அதுவா? ரேடியோ ஒரு பக்கமா சாயுதுன்னு அடியில முட்டுக் குடுத்திருக்கேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். "வயர்?"

அம்மா கண்ணாலேயே வாக்கரைக் காட்டினாள். கைப்பிடியில் மூக்குக் கண்ணாடிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியிருந்தது அந்த வயர்தான். முடிச்சை அவிழ்க்க நகம் போதாமல் சின்னவள் பல்லால் கடித்து இழுத்தாள்.

டிஸ்க் உயிரோடுதான் இருந்தது. செருகியதும் உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றியது. கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனாள். அவர் சொன்ன இடத்தில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. "மறைஞ்சிருக்கும் மேடம், மறைஞ்சதைக் காட்டுன்னு ஒரு டிக் இருக்கும்" என்றார். டிக் போட்டாள். மங்கலான நிறத்தில் ஒரு ஃபோல்டர் எழுந்து வந்தது. அதற்குள் அவள் பெயரில் ஒரே ஒரு ஃபைல்.

அதைக் கணினிக்கு நகலெடுத்துத் திறந்தாள். பிழை என்றது. சரியாக மூடப்படாத ஃபைல், முதலில் பழுதுபார்க்க வேண்டுமாம். அதற்கென்று இருந்த சின்னப் புரோகிராமை ஓடவிட்டாள். பச்சைக் கோடு பாதி வரை வேகமாக வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். கொட்டிய பேட்டரிகளை இழுப்பறையில் அள்ளிப் போட்டாள். திரும்பி வந்து பார்த்தாள். கோடு நகரவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாள். அம்மா ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள், ஃபேனைக் குறைத்தால் புழுங்குகிறது என்றாள். மறுபடி வந்து பார்த்தாள். இதற்குள் கம்பெனியிலிருந்து இரண்டாம் முறை போன் வந்தது. "இதோ, ஓடிட்டிருக்கு" என்றாள். எது ஓடுகிறது என்று அவர்கள் கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்த நேரத்தில் கோடு நிறைந்தது. கடைக்காரரை மறுபடி அழைத்தாள். அவர் ஏதோ வண்டியில் போய்க்கொண்டிருந்தார். "சேர்த்துத் திறங்க மேடம், போதும்" என்று அவர் சொன்னதும், அதற்குமேல் எதையோ "பண்ணிடாதீங்க" என்று சொன்னதும் அரைகுறையாகக் காதில் விழுந்து லைன் போய்விட்டது. அவசரத்தில் அவள் பழைய ஃபைலையே முதன்மை ஃபைலாக்கும் பட்டனை அழுத்தி, மெயிலை மூடித் திறந்தாள்.

பழைய மெயில்கள் மழை மாதிரி இறங்கின. இஞ்சினியரின் பெயர் தெரிந்தது. கையேட்டின் கடைசி வடிவம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். உடனே அதைக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

அப்போதுதான் கீழ் ஓரத்தில் எழுத்து ஓடியது: 'இரண்டு செய்திகள் அனுப்பப்படுகின்றன.'

அவள் அனுப்பியது ஒன்றுதானே? போகக் காத்திருக்கும் மெயில்கள் கிடக்கும் அவுட்பாக்ஸைத் திறந்தாள். அக்காவின் பெயர் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் காணோம். போய்விட்டது.

அனுப்பியவற்றில் அதைத் தேடித் திறந்தாள். படிக்கும்போதே காது சூடானது.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் எழுதியது. அன்று இன்டர்நெட் இல்லை. மெயில் போகாமல் நின்றது. மறுநாள் மனசு கொஞ்சம் ஆறியதும் அவளே அதை மறந்துபோனாள். இன்டர்நெட் திரும்புவதற்குள் கணினியும் கெட்டுவிட்டது. அந்த ஃபைலுக்குள் போகாமலே கிடந்தது, இன்று அது முதன்மை ஃபைலானதும் தானாகக் கிளம்பிவிட்டது.

'அக்கா, போன்ல நீ கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கோம்னு சொல்றேன். பொய். நான் தூங்கி எத்தனையோ நாளாச்சு. அம்மா கூப்பிடாத நேரத்துலகூட கூப்பிடற மாதிரியே இருக்கு. நேத்து அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது வேணும்னே கொஞ்சம் முரட்டுத்தனமாத் திருப்பினேன். அவ ஒண்ணும் சொல்லல. எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு. ஒரு ஆறு மாசம் நீ வச்சுக்கோ. நான் கேக்கறது தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்.'

எழுந்தாள். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். 'அது பழசு, கண்டுக்காதே' என்று இன்னொரு மெயில் எழுத உட்கார்ந்தாள். 'அக்கா' என்று அடித்து நிறுத்தினாள். அதற்குள் போன் அடித்தது.

"என்னடி இது?" அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, அது இப்போ எழுதினது இல்ல. கம்ப்யூட்டர்ல பழசு ஒண்ணு மாட்டிக்கிட்டு இருந்து..."

"எப்போ எழுதின?"

"அம்மா விழுந்தப்போ."

அழுகையாக வரும் என்று நினைத்தது கோபமாக வந்தது.

"நான் வரேன் வரேன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு'ன்னு வாயை அடைச்ச. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அம்மாவை நீ பிடிச்சு வச்சிக்கிட்டேன்னு நினைச்சேன். நான் பாத்துக்க லாயக்கில்லாதவன்னு நீ முடிவு பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"அப்படி எல்லாம் இல்லக்கா."

"வேற எப்படி?"

உதவி கேட்டால் தோற்றுப்போன மாதிரி என்று சின்னவள் நினைத்தது உண்மை. அக்காவிடம் தோற்கக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்பதுதான் தெரியவில்லை.

"இப்போ சொல்லு," என்றாள் அக்கா. "அதுல எழுதினது இப்பவும் உண்மையா, இல்லையா?"

"அம்மா இப்போ நடக்கறா. அவ்வளவு கஷ்டம் இல்ல."

"அதைக் கேக்கல."

"பாதி உண்மை," என்றாள் சின்னவள்.

"சனிக்கிழமை வரேன். வந்து அழைச்சிட்டுப் போறேன்."

போனை வைத்துத் திரும்பினால் கதவருகே அம்மா. வாக்கர் சத்தம் கேட்கவே இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"பெரியவ வர்றாளா?"

"ஆமாம்மா. உன்னைக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறேங்கறா. உனக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு..."

"எனக்கென்ன இஷ்டமில்லாம?" என்றாள் அம்மா. "அந்த நீலப் பையோட ஜிப் சரியாயிடுச்சா? அதை எடு."

அவ்வளவு சீக்கிரம் அம்மாவின் முகம் மலர்ந்து சின்னவள் பார்த்ததில்லை. பையை எடுத்துக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அக்கா சொன்னபடி வந்தாள். அக்கா முன்பைவிட இளைத்திருந்தாள். வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சின்னவளிடம் வந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். இருவரும் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து அடுக்கினார்கள். எந்த மாத்திரைக்கு அம்மா முகம் சுளிப்பாள் என்று சின்னவள் சொன்னபோது, "இவ எனக்கு விஷம் குடுக்கற மாதிரியே சொல்றா பாரு" என்றாள் அம்மா. அக்கா சிரித்தாள். சின்னவளும்தான்.

கார் கிளம்பும்போது அம்மா கண்ணாடியை இறக்கினாள். சின்னவள் குனிந்தாள்.

"முரட்டுத்தனமா எல்லாம் இல்ல," என்றாள் அம்மா மெதுவாக. "எனக்கு வலிச்சா நான் சும்மா இருப்பேனா?"

அக்கா சொல்லியிருக்க வேண்டும். அல்லது அம்மாவே கணினியில் படித்திருக்க வேண்டும். கேட்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

"நீதானே கேட்ட? இப்போ ஏன் அழற?" என்றார் கணவர் உள்ளே வந்ததும்.

"தெரியல. சும்மா இருங்க."

அன்று மதியம் அவள் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். சட்டென்று விழித்து எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. கால்களை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.