சேவ் அழுத்தினால் காலி

என் மனைவிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது. கீபோர்டு சத்தம் நின்றுவிடும். அன்று காலையிலிருந்து அது நின்று நின்றுதான் கேட்டது. ஹாலில் வாடிக்கையாளர் ஒருவரின் சோபாவுக்கு உறை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரிக்கோல் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன். பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அபாப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பழைய மேனேஜர் ஒரே ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார். "இது ஓடினா டீமுக்குள்ள வந்துடும்மா. ஓடலைன்னா வருத்தப்படாத, வேற ஆளைப் பார்த்துக்கறோம்," என்றார். ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் அன்றுதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பார்க்கப் போகிறவர் ஒரு மருத்துவமனையின் தலைமை நர்ஸ்.

அங்கே வார்டுக்கு வார்டு நோயாளியிடம் கேட்கிற கேள்விகள் வேறு. குழந்தைகள் வார்டில் எடை, தடுப்பூசி. எலும்பு வார்டில் எந்தக் கால், எப்படி விழுந்தார். நாளைக்கே ஒரு நர்ஸ் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்ப்பார். அதனால் பதில்களை வாங்கி வைக்கிற கட்டங்களை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. புரோகிராம் ஓடும்போதே கேள்விகளைப் பார்த்து, அதற்கேற்ற கட்டங்களின் தொகுப்பை, அவள் பாஷையில் ஸ்ட்ரக்சரை, உருவாக்கி, வலைப்பக்கத்தில் பதில் எழுதுகிற ஒவ்வொரு ஃபீல்டையும் அதனதன் கட்டத்தோடு இணைக்க வேண்டும். "நீங்க சோபாவைப் பார்த்த அப்புறம்தானே அளவெடுத்துத் தைக்கறீங்க, அது மாதிரி," என்று எனக்குப் புரியும்படி சொல்லியிருந்தாள்.

அவளுடைய டெஸ்டில் எல்லாம் அழகாக ஓடியது. மருத்துவமனை சர்வரில் ஏற்றியதும் சனி பிடித்தது. பக்கம் வருகிறது, ஃபீல்டுகள் வருகின்றன, எழுத முடிகிறது. சேவ் அழுத்தினால் அத்தனையும் காலி. பிழை என்று ஒரு வரிகூடக் காட்டுவதில்லை.

"திட்டினாலாவது பதில் சொல்லலாம். இது வாயே திறக்க மாட்டேங்குது," என்றாள் சமையலறையிலிருந்து. அடுப்புக்குப் பக்கத்து மேடைதான் அவளுடைய ஆபீஸ்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்."

"கொஞ்ச நேரம் உங்க சோபாகூடப் பேசிட்டிருங்க."

பேசிக்கொண்டிருந்தேன். சோபா குறை சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீபோர்டு சத்தம் அடியோடு நின்ற பிறகு, அவள் குரல் மட்டும் வந்தது.

"எல்லாம் மறந்து போச்சுங்க. மூளை துருப்பிடிச்சுப் போச்சு. மேனேஜருக்கு போன் பண்ணி முடியலைன்னு சொல்லிடவா?"

ஒரு காலத்தில் ஆபீசில் யாருக்கும் பிடிபடாத சிக்கல் இவளிடம்தான் வரும். "துருதானே, தேய்ச்சா போயிடும்," என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் அவ்வளவுதான்.

அப்போது ஹாலில் சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது. மேனேஜராகத்தான் இருக்கும். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் டீயோடு ஓடி வந்தாள். மேஜை முன் நின்றுவிட்டாள்.

அது அவளுடைய மேஜை. அவள் வேலையை விட்ட புதிதில், ஒரு வாரத்துக்கு என்று ஒரு துணிச் சுருளை அதன் மேல் வைத்தேன். பிறகு ஃபோம் வந்தது, தையல் மெஷின் வந்தது. ஒட்டகம் கூடாரத்துக்குள் புகுந்த கதைதான்.

"இதை எங்கங்க வைக்கறது?"

"இரு, இந்த ஃபோமை எடுத்துடறேன்."

"நான் வந்து நின்ன அப்புறம் இடம் பண்ணா, அதுவரைக்கும் இதையெல்லாம் நான் எங்க..."

பாதியில் நிறுத்தினாள். போன் அடித்து ஓய்ந்தது. அவள் ஃபோமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். டீ ஆறியது. கீபோர்டு மட்டும் நிற்கவில்லை.

"பக்கத்தை வரையற நேரத்துலதான் நான் ஸ்ட்ரக்சரைப் பண்றேன்," என்றாள், தலை நிமிராமல். "சேவ் அழுத்தற வரைக்கும் அது இருக்கும்னு நினைச்சுட்டேன். டெஸ்ட் பண்ணும்போது என் வசதிக்கு, எதையும் மறக்காத மாதிரி ஒரு செட்டிங் போட்டு வச்சிருந்தேன், அதனால இருந்துச்சு. அவங்க சர்வர் பக்கத்தை அனுப்பின கையோட எல்லாத்தையும் மறந்துடும். நர்ஸ் எழுதினது திரும்பி வந்து நிக்குது, வாங்கி வைக்க இடமில்லை, கீழ போயிடுது. அதுக்கப்புறம் என் புரோகிராம் சாவகாசமா ஒரு காலி ஸ்ட்ரக்சரைப் பண்ணி வைக்குது."

"இப்ப?"

"புதுசா ஒண்ணும் எழுதலை. புரோகிராம்ல கீழ இருந்த வரிகளை மேல தூக்கி வச்சேன். பதில் உள்ள வர்றதுக்கு முன்னாடியே இடம் தயாரா இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்போ என் குப்பைதான் உனக்கு வழி காட்டிச்சு."

"ரொம்ப அலட்டிக்காதீங்க," என்றாள். ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது.

மதியம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ காலில் ஓட்டிக் காட்டினாள். கதவில் காதை வைப்பது அநாகரிகம்தான், வைத்தேன். தலைமை நர்ஸ் அந்த இடத்திலேயே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: "வீட்ல கூட இருந்து பார்த்துக்க யார் இருக்காங்கன்னு கேளுங்க." பதில் எழுதினார்கள். "சேவ் பண்றேன்," என்றாள். நான் காதை இன்னும் அழுத்தினேன்.

"இருக்கு," என்றார் நர்ஸ்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

அவள் கதவைத் திறந்து வந்தபோது, ஃபோம் பரணில் இருந்தது, துணிச் சுருள்கள் கட்டிலுக்கடியில், தையல் மெஷின் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில். மேஜையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தேன். அவள் மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேலை கிடைச்சுதான்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"நீதானே சொன்ன, வர்றதுக்கு முன்னாடியே இடம் இருக்கணும்னு."

"கிடைக்கலைன்னா?"

"அப்பவும் உன் மேஜைதான்."

அவள் லேப்டாப்பை மேஜை மேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமையிலேருந்து," என்றாள்.