மேவிஸ் இறக்கிய படகு

1

இந்தக் கதை எனக்கு ஹாட்டன் பீர்க்கடையில் கிடைத்தது. சொன்னவன் ரோட்னி, என் வயதுக்காரன், கால்வாயில் என் படகுக்கு அடுத்த படகு. அவன் சொன்னபோது சேறு கணுக்கால் அளவுதான். கதைக்கு அது போதாது என்று இடுப்பளவாக்கியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடுபனி கால்வாயின் மீது வெள்ளைப் போர்வையாய்...’ [வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.]

2

ரோட்னிக்கு முழங்கால் அறுவை ஆன பிறகு, படகை விற்றுவிடலாம் என்றான். அவன் மனைவி மேவிஸ் முடியாது என்றாள்.

“அப்போ ஹாட்டன் தொட்டி அத்தனையிலும் படக நீயே எறக்கிக் காட்டு. வேற யாரும் விரல் வைக்கக் கூடாது. எறக்கிட்டா படகு நமக்கு. இல்லேன்னா அத வாங்கக் கீழ காத்திருக்கிற டெஸ்மண்டுக்கு.”

“வாயத் தொறக்காம உள்ள உக்காருவியா, கெழவா?”

“டீ மட்டும் கேப்பேன்.”

(தொட்டிக்குள் படகை விட்டுக் கதவடைத்து, மதகு வழியே தண்ணீரை வடித்தால் படகு ஒரு படி இறங்கும். அப்படி இருபத்தொரு படி. நூறு என்று எழுதி, மனசில்லாமல் அடித்தேன்.)

3

இங்கே மேவிஸை ஓர் அன்னம் தாக்குவதாக இருந்தது. குதிரை உயர அன்னம். [நீக்கம்.]

நடந்தது அதைவிட மோசம். இருபது படி இறக்கியவள், கடைசித் தொட்டிக்கு முன்னால், இரண்டு தொட்டிக்கு இடைப்பட்ட கால்வாயில் படகைக் கட்டினாள். தொட்டியை நிரப்ப மேல் மதகைத் திறந்துவிட்டு டீ போடப் போனாள். கீழ் மதகும் திறந்தே கிடந்ததைப் பார்க்கவில்லை. படகு மிதந்த தண்ணீரெல்லாம் தொட்டி வழியாகவே ஓடிப்போக, படகு எருமை மாதிரி சேற்றில் சாய்ந்து படுத்தது.

“தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சுல்ல?”

“கேட்டுச்சு. வாயத் தொறக்கக் கூடாதுன்னது யாரு?”

“டீயக் குடி. சாஞ்சபடியே குடி.”

இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதச் சொன்னான் ரோட்னி. நம்ப மாட்டேன். இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் கரையேறினாள். இரண்டு மதகையும் அடைத்தாள். மேலே நடந்து, முந்தைய தொட்டியின் மதகுகளைத் திறந்து அங்கிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தாள். படகு முனகிக்கொண்டே எழுந்தது.

4

கடைசித் தொட்டியில் படகு இறங்கியதும் மேவிஸ் கரையேறிக் கதவைத் தள்ளத் தொடங்கினாள். அருகில் டெஸ்மண்ட். கால்வாய்க்காரர்களுக்கு ஒருவர் கதவு தள்ளும்போது சும்மா நிற்க உடம்பு விடாது. அவள் தடுப்பதற்குள் அவனும் கதவைத் தள்ளும் நீளக்கட்டையில் முதுகை வைத்துவிட்டான்.

ஜன்னலிலிருந்து ரோட்னி, “தொட்டுட்டான் பாரு. படகு போச்சு, மகாராணி.”

“யாரக் கேட்டுய்யா தள்ளுன?”

“பழக்கம் அம்மணி.” டெஸ்மண்ட் தலையைச் சொறிந்தான்.

“நாந்தான் தொறந்துட்டிருந்தேனே. வாங்க வந்தவனே தள்ளினா அது உதவியா?”

“பேச்சு பேச்சுதான்” என்றான் ரோட்னி.

மேவிஸ் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்தாள். “நாளைக்கு வார்விக் கோட்டையப் பாக்கப் போறோம். இதுலதான்.”

“டெஸ்மண்டோட படகுலயா?”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரோட்னி மன்னிப்புக் கேட்கிறான். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை, நானே எழுதியும். மற்ற இரண்டும்...

நீங்களே தீருங்கள். படகு நகர்ந்துவிட்டது. ரோட்னி சொன்னதே சரி என்பவர்கள் டெஸ்மண்டோடு கரையில் நில்லுங்கள். மற்றவர்கள் ஏறிக்கொள்ளுங்கள், தலையைக் குனியுங்கள், பாலம் தாழ்வு.