மைனாவின் இடது முன்கால்

மைனாவின் இடது முன்காலில், குளம்புக்குக் கொஞ்சம் மேலே உள்பக்கமாக ஒரு புண். சுண்டைக்காய் அளவுதான். குத்புதீன் மஞ்சளும் எண்ணெயும் வைத்து ஆற்றுவார். மூன்றாம் நாள் மறுபடி வந்துவிடும். காலில் துணிப்பட்டி சுற்றினாலும் வந்தது. சுற்றாமல் விட்டாலும் வந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

குத்புதீன் பட்டாளத்தில் பன்னிரண்டு வருஷம் குதிரை பார்த்தவர். இப்போது காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லாயத்தில், அரிசி ஆலைக்காரர் சின்னையனின் சவாரிக் குதிரை மைனாவைப் பார்த்துக்கொண்டார். விடியலில் தார்ச்சாலையில் மெல்லோட்டமாகக் காவேரிக் கரைக்குப் போவார். மாசி மாதம் ஆறு மணலாகிக் கிடக்கும். நடுவில் இரண்டு மூன்று ஓடைகள் மட்டும் வெள்ளிக் கம்பிபோல ஓடும். பனிப்புகையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தரையைத் தொடாமல் மிதக்கும். மைனா அவற்றை நோக்கி, உறக்கத்தில் நடப்பதுபோல நடக்கும்.

முந்தின நாள் சின்னையன் லாயத்துக்கு வந்து அந்தக் காலைப் பார்த்திருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரேன் பாய். அன்னைக்கும் புண் இருந்தா ஜட்கா ஸ்டாண்டுக்குக் குடுத்துடலாம். வண்டி இழுக்கறதுக்குக் கால் அழகு எதுக்கு?"

ஜட்காவில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கோட்டை வாசலில் நுரை தள்ளி நிற்கும் மைனாவை நினைத்ததும் குத்புதீன் தேநீரை அப்படியே வைத்துவிட்டார்.

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, நரம்பு, மேலே தோல், அவ்வளவுதான். லேசாக இடித்தாலும் நேராக எலும்பில் படும். அதனால் பட்டாளத்தில் நாலு காலுக்கும் துணிப்பட்டி சுற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆகும். ஒருமுறை சுற்றினால் லாயம் திரும்பும்வரை யாரும் அவிழ்ப்பதில்லை. குத்புதீனும் அவிழ்த்ததில்லை.

பட்டிகளைத் துவைப்பவள் அவர் மனைவி மஜீதா. வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். அன்று காய்ந்த பட்டி ஒன்றை அவள் உதற, சிமெண்டுத் தரையில் சரசரவென்று மணல் கொட்டியது.

"தினம் ஒரு பிடி காவேரியக் கொண்டாறீங்க. பட்டாளத்துல ஆத்தத் தாண்டினதே இல்லியா?"

குத்புதீன் பட்டியை வாங்கித் தடவிப் பார்த்தார். உப்புத்தாள் மாதிரி இருந்தது. ஓடையில் நனைந்த துணி காலை இறுக்கும். உள்ளே புகுந்த மணல் வெளியேற வழியில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் தோலைத் தேய்க்கும். சரி. ஆனால் பட்டி இல்லாத நாளிலும் புண் வந்ததே, அது எப்படி என்று கேட்டார்.

மஜீதா துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினாள். கத்திரி எங்கே படும் என்று அவள் அதைக் கொண்டுதான் பார்ப்பாள்.

மறுநாள் பட்டி சுற்றவில்லை. சாக்குக்கட்டியைப் பொடித்துக் குழைத்து, வலது முன்குளம்பின் உள்விளிம்பில் தடவினார். சாலையில் மெல்லோட்டம். கரையில் இறங்கிக் குனிந்து பார்த்தார். இடது காலில், புண்ணின் மேலேயே, பிறை போல ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டத்தில் ஒரு குளம்பு மறுகாலை உரசிக்கொண்டிருந்தது.

கோட்டைத் துடைத்துவிட்டு, குளம்பில் மறுபடி தடவி, மணலில் நடத்தினார். முதல் ஓடைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார். கோடு இல்லை. மணலில் புதையும் காலை மைனா உயரத் தூக்கி அகட்டி வைத்தது. உரச இடமே இல்லை. பனிப்புகைக்குள் மைனாவின் மூச்சும் வெள்ளையாகக் கலந்தது. அவர் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அன்று மாலை மஜீதா பழைய கம்பளியை உள்ளே வைத்து, மேலே தோல் தைத்து, இரண்டு வாரும் பக்கிளும் போட்டு ஒரு காலுறை செய்தாள். மாட்டவும் கழற்றவும் ஒரு நிமிஷம் போதும்.

வெள்ளிக்கிழமை சின்னையன் குனிந்து பார்த்தபோது புண் இருந்த இடத்தில் புதுமயிர் அரும்பியிருந்தது. என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார்.

"மருந்து இல்லீங்க. ரோட்டுல இடது காலுக்கு மட்டும் இந்தக் காலுறைய மாட்டுறேன். ஆத்தங்கரையில கழட்டிடுறேன். மணல்ல வெறுங்காலு. ஏறினதும் கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டு, திரும்ப மாட்டுறேன்."