பத்திரிகை போன தடம்

கல்யாணத்துக்கு முப்பத்தாறு நாள் இருந்தபோது ஆக்ஸிலியாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாவியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும் என்று பிற்பாடு ஊரே சொன்னது.

மன்னவனூருக்கு மேலே, தார் ரோடு முடிந்து ஜீப் தடம் தொடங்குகிற இடத்தில் நாற்பது வீடு. நாற்பது வீட்டுக்கும் உருளைக்கிழங்குதான் சோறு. அங்கே ஆக்ஸிலியாவுக்குப் பயிர்நோய்க் கணக்கெடுக்கிற வேலை. வாரம் ஒருமுறை தோட்டம் தோட்டமாகப் போய், எந்தச் செடியில் என்ன நோய், எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்து, வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறிக்க வேண்டும். ஊர் அவளை 'கெழங்கு டாக்டர்' என்றது. அவளும் மறுத்ததில்லை.

மாப்பிள்ளை ரெக்ஸ் கொடைக்கானலில் கணக்கு வாத்தியார். அவன் ஒருநாளைக்கு ஏழு தடவை போன் பண்ணுவான். அந்த ஊரிலோ சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். அது ஆக்ஸிலியாவின் அப்பா பரமானந்தத்தின் தோட்டத்தில் ஏழாவது பாருக்கு, அதாவது ஏழாவது கிழங்கு வரிசைக்கு, நடுவே. ஆகவே பெண் அந்தப் பாரிலேயே குடியிருந்தாள் என்று சொன்னால் பொய்யில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து நாள் சாரலுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அன்றைக்குத்தான் பத்திரிகை வைக்கக் கிளம்பினார்கள். அந்த ஊரில் பத்திரிகையை ஆளைத் தேடிப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். களை எடுக்கிறவர் களைக்குள்ளே, மண் அணைக்கிறவர் மண்ணுக்குள்ளே வாங்கிக்கொள்வார். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அது கரண்ட் பில்லுக்குச் சமம். ஒருத்தரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள்.

விடிந்ததும் விடியாததுமாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏழாவது பாருக்கு ஓடினாள் ஆக்ஸிலியா. ரெக்ஸ் என்ன சொன்னான் என்பது நமக்கு வேண்டாம். அரை மணி நேரம், அந்த முனைக்கும் இந்த முனைக்கும், நனைந்த செடிகளுக்குள்ளே சிரித்துக்கொண்டே நடந்தாள். புடவைக் கரையிலிருந்து முழங்கால்வரை ஈரம்.

"ஏ புள்ள, வெரசா வா! சோலி கெடக்கு!" என்று அம்மா செல்வமேரி ரோட்டிலிருந்து கத்திய பிறகுதான் வந்தாள்.

அப்பாவுக்கு மூட்டுவலி. அம்மாவுக்கு அட்டைப்பூச்சி என்றால் உயிர் போய்விடும். இரண்டு பேரும் வரப்பில் நின்றுகொள்ள, தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் போனது மணப்பெண்ணேதான். எல்லாரும் வாழ்த்தினார்கள். மூக்கம்மா தன் தோட்டத்துப் பிளம்ஸ் மரத்தடியில் அவள் கன்னத்தைக் கிள்ளி, "மாப்ள குடுத்துவச்சவன்" என்றார். அவள் மிதந்தாள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் பத்திரிகை வைக்கவில்லை. அது திருமலைச்சாமிக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் மாதா திருவிழாவில் அவருடைய கிடா, ஊரே பார்க்கப் பரமானந்தத்தைப் பின்னாலிருந்து முட்டிக் குப்புறத் தள்ளியது. கிடா முட்டியதைப் பரமானந்தம் அன்றைக்கே மன்னித்துவிட்டார். திருமலைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைத்தான் மன்னிக்கவில்லை. இப்போது திருமலைச்சாமியின் வரப்புவரை வந்த பரமானந்தம், தொண்டையைச் செருமிவிட்டு, "நேரமாச்சு, போலாம்" என்று திரும்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் ஊர் அலறியது. இலை ஓரங்களில் தண்ணீர் பட்டதுபோல் கரும்புள்ளி, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. கருகல் நோய். விட்டுவைத்தால் பத்தே நாளில் தோட்டத்தையே வெந்த கீரையாக்கிவிடும். எல்லார் தோட்டத்திலும் வந்திருந்தது, ஒரு தோட்டம் நீங்கலாக. திருமலைச்சாமியின் கிழங்கு மட்டும் பச்சைப்பசேலென்று காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது.

ஊருக்கு அவ்வளவு போதாதா? சாயங்காலம் டீக்கடை முன்னால் கூட்டம் கூடியது. சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய நல்லையாதான் முதலில் ஆரம்பித்தார்.

"என்னா கதைக்கிறீங்க? நம்ம தோட்டம் பூராக் கருகுது, அந்தாளு தோட்டத்துல மட்டும் ஒரு எல வாடல. ஏதோ பண்ணித்தான் வச்சிருக்கான். ஊர் லாரியில இனிமே அவன் மூட்டை ஏறக்கூடாது. கெழங்கு டாக்டரு நாளைக்குப் பாத்துச் சொல்லட்டும்."

லாரியில் ஏறாவிட்டால் திருமலைச்சாமியின் கிழங்கு மலையிலேயே முளைவிட வேண்டியதுதான். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் டீக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பகல் முழுக்க ஆக்ஸிலியா எல்லாத் தோட்டத்தையும் அளந்து சிவப்புப் பென்சிலால் வரைந்தாள். காற்றில் வந்த நோய் என்றால் மேற்கிலிருந்து விசிறிபோல விரிந்திருக்க வேண்டும். இதுவோ ஒவ்வொரு தோட்டத்திலும் வரப்பில் நுழைந்து, ஒரே கோடாக உள்ளே போய், ஓரிடத்தில் நின்றுவிட்டிருந்தது. நோய் ரொம்ப மரியாதையாக வந்து போயிருந்தது. மூக்கம்மா தோட்டத்தில் நேரே பிளம்ஸ் மரத்தடிக்குப் போயிருந்தது. நல்லையா தோட்டத்தில் இன்னும் விசேஷம்: பாதி தூரத்தில் இரண்டு வட்டம் அடித்துவிட்டு மேலே போயிருந்தது.

இரண்டு வட்டமா? அவளுக்குக் காது சூடேறியது. அந்த இடத்தில்தான் அவள் காலில் அட்டை ஏறி, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆட்டம் போட்டாள்.

ஓடினாள், அப்பாவின் ஏழாவது பாருக்கு. அங்கே நோய் முற்றிக் கருகிக் கிடந்தது. ஊரிலேயே பழைய புள்ளி அதுதான். வாரம் முழுக்க அதன் நடுவில் நின்று போன் பேசியிருக்கிறாள், குனிந்து ஒரு இலையைப் பார்க்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுதான். அழுகை வந்தது, கூடவே அடக்கமாட்டாமல் சிரிப்பும் வந்தது. சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் திருமலைச்சாமியின் மூட்டை லாரியில் ஏறாது. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் டீக்கடை முன்னால் வரைபடத்தை விரித்தாள்.

"நோய்க்குக் காலு கெடையாதுங்க. காலு என்னோடது" என்றாள். பாரையும் போனையும், நோய்த் துகள் ஒட்டிய ஈரப் புடவைக் கரையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "பத்திரிகை வச்ச தோட்டத்துக்கெல்லாம் நோயையும் சேத்து வச்சிருக்கேன். அவருக்கு வைக்கல. அதான் அவரு தோட்டம் தப்பிச்சிருச்சு."

நல்லையா வரைபடத்தைக் கையில் எடுத்து, தன் தோட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த வட்டம்?"

"அட்டைங்க."

முதலில் மூக்கம்மாதான் சிரித்தார். "அடி பாதகத்தி! நான் கன்னத்தக் கிள்ளுனேன், நீ என் வெள்ளாமையக் கிள்ளிட்டுப் போயிட்டியே!" அப்புறம் கடைக்காரர், அப்புறம் ஊர். நல்லையா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. திட்டும் நிறைய விழுந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லவேளை, நோய் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பார் பிடுங்கிப் புதைத்து, மிச்சத்துக்கு மருந்தடித்தால் முக்கால்வாசி தேறும். ரெக்ஸே வந்து இரண்டு நாள் பிடுங்கட்டும் என்று ஊர் தீர்ப்பளித்தது. அவன் வந்து கணக்கு வாத்தியாருக்கே உரிய ஒழுங்கோடு எண்ணி எண்ணிப் பிடுங்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தட்டோடு திருமலைச்சாமி தோட்டத்துக்குப் போனார்கள். அவர் நடுப் பாரில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலியா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"ஏ பரமானந்தம் மகளே! அங்கனயே நில்லு!" என்று மலை அதிரக் கத்தினார். "ஒன் காலு என் வரப்பத் தாண்டக்கூடாது!"

அவள் ஒற்றைக் காலில் உறைந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ரோட்டுக்கு வந்தார். பத்திரிகையை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. பரமானந்தத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கி வெள்ளனே நீங்க ஒவ்வொரு தோட்டமா வர்றதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். ஓடிப்போயி வெள்ளைச் சட்டை மாட்டிட்டு வந்தேன். நீ என் வரப்பு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்ட. என் கெழங்கு தப்பிச்சிருச்சு, வாஸ்தவந்தான். எனக்கு அன்னைக்கிச் சோறு எறங்கல."

பரமானந்தம் ஒரு எட்டு முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கிறவர்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலியாவுக்குத் தன் சிவப்புக் கோடுகள் எல்லாம் கண்முன் வந்தன. கோடே இல்லாத அந்த ஒரு தோட்டத்தில்தான் ஒரு மனுஷன் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அதை மட்டும் அவள் எங்கேயும் குறித்திருக்கவில்லை.

"சரி விடு" என்று திருமலைச்சாமி மூக்கை உறிஞ்சினார். "கல்யாணச் சாப்பாட்டுக்குக் கெழங்கு என் தோட்டத்துல இருந்துதான் வரணும். ஊர்லயே முழுசாத் தப்பிச்சது இது ஒண்ணுதான?"

"கெழங்கு வரட்டும், நீயும் முன்னாடியே வா" என்றார் பரமானந்தம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கெடாவ மட்டும் கட்டிப்போட்டுட்டு வா."