கங்குச் சட்டி

விடியுமுன் பெரியமுத்து தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தான். அனல் முகத்தில் அறைந்தது. முதுகில் தை மாதப் பனி ஊசியாய் இறங்கியது. யூகலிப்டஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து இலையை உலர்த்துவது விறகுதான். அதனால் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கொடுத்துவந்த விறகை நிர்வாகம் கார்த்திகையோடு நிறுத்திவிட்டது. லயத்தார் பொறுக்கிவந்த பச்சைச் சுள்ளி புகைந்ததே தவிர எரியவில்லை.

வீட்டில் மனைவி வேலுத்தாய் பிள்ளை பெற்று ஒன்பது நாள். குழந்தையின் பாதம் ஓடைக்கல்லாய்ச் சில்லிட்டிருந்தது.

தன் வேலைமுறை முடிந்ததும் அடுப்பிலிருந்து வாரிய கங்குகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போனான். கட்டிலருகே வைத்தான். சூடு வெளியேறாதிருக்கச் சன்னலையும் கதவிடுக்கையும் சாக்கால் அடைத்தான். சின்னக் கால் வெதுவெதுத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனான்.

திரும்பியபோது பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள், அடைத்த அறையில் கங்கின் நச்சுக்காற்றில் மூச்சு முட்டிக் கிடந்த இருவரையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். வேலுத்தாய் வாந்தியெடுத்துக் கிடந்தாள். நீலம் பாரித்த குழந்தையின் உள்ளங்காலைச் செபமாலையம்மாள் சுண்டிக்கொண்டேயிருந்தாள். நெடுநேரம் கழித்து நூலிழையாய் ஓர் அழுகை எழுந்தது.

மதியம் தோட்ட நிர்வாகியான துரை தன் அலுவலகத்துக்கு அழைத்தார்.

"கங்கு திருடினது நீ. கதவை அடைச்சதும் நீ. ஒப்புக்கிட்டுக் கைநாட்டு வை, வேலை நிலைக்கும்."

பெரியமுத்து மறுக்கவில்லை. அதுதானே நடந்தது? கட்டைவிரலை மையில் தோய்த்தான். கூட வந்த செபமாலையம்மாள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"பொறுய்யா. கங்கு வச்சது இவன், சரி. வெறகை நிறுத்துனது யாருன்னும் அதுல எழுதுங்க தொரை. ரெண்டு பேருமாக் கைநாட்டு வைங்க."

"ரொம்பப் பேசுற."

"வாய மூடுனா பல்லு தந்தியடிக்குது தொரை. அதான் பேசுதேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். காகிதம் மேசைமேல் கைநாட்டு விழாமலே கிடந்தது.

செய்தி பரவியதும் தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுத் தொழிற்சாலை விறகு அடுக்குகளுக்கு நடந்தார்கள். ஒரு கட்டையையும் எடுக்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தார்கள். வீட்டு விறகுக்கு வழி பிறக்காமல் இதில் ஒரு கட்டையும் அடுப்புக்குப் போகாது என்றார்கள்.

கங்காணி ஓடிவந்தான். "போலீசுக்கு ஆள் போயாச்சு! மரியாதையாக் கலைஞ்சிருங்க!"

"வெயில் வந்ததும் கலையிறதுக்கு நாங்க என்ன பனியா?" என்றாள் ஒருத்தி.

பெரியமுத்து தள்ளியே நின்றான். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்த கைக்கு அங்கே இடமுண்டா? அந்த அறைக்குத் திரும்ப மறுத்த வேலுத்தாய், குழந்தையோடு பெண்களின் நெருக்கத்தில் ஒடுங்கியிருந்தாள். அவள்தான் தலை நிமிர்த்தினாள்.

"ஏன் அங்கனயே நிக்கீக? வந்து காத்தை மறைச்சு உக்காருங்க."

தோட்டத்து எல்லை மலையிலிருந்து காற்று சீறி வந்த பக்கமாகப் போய் உட்கார்ந்தான். அவனை ஒட்டி ஒருவன் வந்து அமர்ந்தான், பிறகு இன்னொருவன். சற்று நேரத்தில் தொழிற்சாலை அடுப்பில் விறகு தள்ளுகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.