பெர்னி கேட்டு வாங்கிய மைதானம்

ஓஹையோவில் எங்கள் ஹால்வர்டன் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், அது ரிவர்மென் பேஸ்பால் அணியால்தான். புது மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை டென்னசிக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அதன் முதலாளி அறிவித்ததும் ஊரே கலங்கிப்போனது. எங்களுக்குப் பெர்னியான பெர்னடெட் ஸெலின்ஸ்கி மட்டும் கலங்கவில்லை, கிளம்பிவிட்டாள். பழைய மைதானத்துக்கு எதிரே மதுக்கடை வைத்திருந்தவள் அவள். நான் அங்கே சமையல்காரன்.

மைதானச் செலவுக்காக விற்பனை வரியைக் கூட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெர்னி அணியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி, வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டாள். கடையிலேயே அவளை எதிர்த்தவர் வால்ட், இறந்துபோன அவள் கணவனின் அண்ணன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது. அதுக்குக் காசில்லேங்கறானுங்க. கோடீஸ்வரனுக்கு மட்டும் நாம கட்டித் தரணுமா?" என்றார்.

"ஊருன்னா எல்லாரும் எதையாவது விட்டுக் குடுக்கத்தான் வேணும், வால்ட்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். வால்ட் பாதிக் குவளை பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு கடைக்கு வரவில்லை.

வரி ஜெயித்தது. கடையில் நிற்க இடமில்லை. எங்கள் வட்டாரத்தின் நகரமன்ற உறுப்பினர் டிரேப்பர் நாற்காலி மேல் ஏறி நின்று, இந்த அணி ஊரில் தங்கியதற்குப் பெர்னிதான் காரணம் என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களிடம் மீன் வறுவல் சாப்பிட வருகிற மனிதர். பெர்னி வெட்கத்தில் சிவந்து நின்றாள்.

வசந்தத்தில் புது மைதானத்தின் மாதிரியை நகரமன்றக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பார்க்க இருவரும் போனோம். பெர்னி கண்ணாடி மேல் விரலை வைத்து எங்கள் தெருவைத் தேடினாள். தெரு இருந்தது. கடை இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் புல்லும் குட்டிக் குட்டி மரங்களும்தான் இருந்தன. மாதிரியைச் செய்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற கட்டட நிறுவனப் பெண்ணிடம் சொன்னாள்.

"தவறில்லம்மா. அது ரசிகர்கள் கூடுற திடல்" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகத்தோடு.

பெர்னி திரும்பி டிரேப்பரைத் தேடிப் பிடித்தாள். நல்ல விலை கொடுத்துத்தான் நகரம் கடையை எடுத்துக்கொள்ளும் என்று அவர் தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

அவர் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

"என் கடையில நாற்காலி மேல ஏறி நின்னீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும், பெர்னி."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள்.

கடைக்குத் திரும்பி, தினமும் வருகிறவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் கொதித்து எழுவார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். டச்சு என்று நாங்கள் கூப்பிடுகிறவன், பனியில் அவளோடு வீடு வீடாக அலைந்தவன், குவளையைப் பார்த்தபடியே சொன்னான்: "கஷ்டந்தான் பெர்னி. ஆனா எல்லாரும் எதையாவது விட்டுக் குடுக்கணும்னு நீதானே சொன்ன."

அவன் குத்திக்காட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் அவளை அடித்துப்போட்டது. சமையலறைக்குள் வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் சொன்னது உனக்கும் கேட்டதா என்று கேட்டாள். கேட்டது என்றேன். அடுப்பில் உருளைக்கிழங்கு கருகியது. இருவருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

கடையை எடுப்பதற்கு முன் நகரமன்றம் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடத்தியது. அவளுக்காகப் பேச வந்தது ஒரே ஆள், வால்ட். அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. தம்பி தன் கையால் தரைப்பலகை அடித்த கடை அது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடையை எடுக்கலாம் என்று உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். டிரேப்பரும்தான். இலையுதிர் காலத்தில் கடையை இடித்தார்கள். பெர்னி பார்க்கப் போகவில்லை. அந்த அணியின் பெயரே தன் காதில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

புது மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்த அன்று வால்ட் வீட்டுச் சமையலறையில் மூவரும் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வால்ட் பழக்கதோஷத்தில் ரேடியோவைப் போட்டுவிட்டு, உடனே அணைக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும்" என்றாள் பெர்னி. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், பின்தங்கியிருந்த எங்கள் அணியின் பையன் ஒருவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தான். மேஜை அதிர்ந்தது. பெர்னி எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள்.

கத்தியது யார் என்று தேடுகிறவளைப் போல எங்களைப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண் இமைக்கவில்லை. வால்ட் அவளைப் பார்க்காமல், ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.