ஜன்னலுக்கு முன்னாலுள்ள காற்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியிலிருந்து கிடைத்தது. மெதெயின் நகரத்தின் மேட்டுத் தெருவில், நாங்கள் குடியிருக்கும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெஸ்பா அம்மாள் தன் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போட்ட இடம்தான் சிக்கல். அங்கேதான், அவர் வீட்டுக்கு மேலுள்ள மாடிவீட்டுக்குப் போடவிருந்த லிப்டின் கம்பத்துக்குக் குழி தோண்ட வேண்டியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து பார்த்த நான் முதலில் ஒரு ஜெபம் சொன்னேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி எளிதில் வரவில்லை.

'மாடியில் ஒரு தேவதை வாழ்ந்தாள்.' (அடித்துவிட்டேன். மர்யோரி படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் நடக்காது. வாய் மட்டும் தெரு முழுக்க நடக்கும்.)

'லூஸ் தாரியின் முழங்கால் அன்று சொன்னது…' (முழங்கால் எங்கே பேசும்? டாக்டர்தான் சொன்னார்: இனியும் மகள் மர்யோரியை முதுகில் சுமந்து படி இறங்கினால் தாயும் நடக்கமாட்டாள் என்று.)

கடைசியில் இதையே வைத்துக்கொண்டேன்: லிப்ட் வராவிட்டால் மர்யோரி இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டாள். இந்த வரியில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் லூஸ் தாரி அன்று காலை கண் விழித்தது இதை நினைத்துத்தான்.

2

எங்கள் தெருவில் காற்றை விற்போம். கீழ்வீட்டுக்காரர் தன் கூரைக்கு மேலுள்ள வெற்றிடத்தை விற்பார். வாங்கியவர் அதில் தன் வீட்டைக் கட்டிக்கொள்வார். ரெஸ்பா விற்ற காற்றில்தான் லூஸ் தாரியின் வீடு நிற்கிறது. ஏறி இறங்க வெளிப்புறப் படி ஒன்றுதான் வழி. அது ரெஸ்பாவின் ஜன்னலை உரசிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு இறங்கும்.

காற்றை வாங்கியாயிற்று, லிப்ட் காற்றில்தானே ஏறப்போகிறது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பாதிரியாரிடம் கேட்டார்கள். மாநகராட்சியில் கேட்டார்கள். மெழுகுவத்தி ஏற்றிக் கன்னி மரியாளிடமும் கேட்டார்கள். ரெஸ்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று கொன்விதே. ஒரு வீட்டு வேலையைத் தெருவே கூடிச் செய்துகொடுக்கும் நாள். ஓரமாக விறகடுப்பில் கோழியும் வாழைக்காயும் மரவள்ளியும் போட்ட சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெல்டிங் செய்யும் எல்கின் கடப்பாறையோடு நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

"எந்திரிங்கம்மா, குழி தோண்டணும்."

"தோண்டு. என்னையும் உள்ள போட்டு மூடிரு, உன் கம்பம் ஸ்ட்ராங்கா நிக்கும்."

"காத்த நீங்கதானம்மா வித்தீங்க?"

"தலைக்கு மேல இருக்கறத வித்தேன்டா. மூஞ்சிக்கு முன்னாடி இருக்கறத எவனுக்கு வித்தேன்? ஜன்னலத் தொறந்தா இனிமே நான் வானத்தப் பாக்கணுமா, உங்க இரும்புக் கூண்டப் பாக்கணுமா?"

அடுப்படிப் பெண் ஒருத்தி அகப்பையோடு சிரித்தாள். "கோழி வேகறதுக்குள்ள இவங்க வெந்துருவாங்க போல!" வேறு யாரும் சிரிக்கவில்லை.

(தினமும் பள்ளிக்கு இறங்கும்போது லூஸ் தாரி அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். அந்தச் சில நொடிகளில் ரெஸ்பா உள்ளேயிருந்து மர்யோரியின் வாயில் சுட்ட வாழைப்பழம் ஒரு துண்டை ஊட்டிவிடுவார். லிப்ட் வந்தால் மூச்சு வாங்க யார் நிற்பார்கள்? ரெஸ்பா இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.)

3

மேலே லூஸ் தாரிக்கு எல்லாம் கேட்டது. நாமே போய்ப் பேசிவிடுவோம் என்று எழுந்தாள்.

"என்னையும் தூக்கிட்டுப் போ," என்றாள் மர்யோரி. "என் லிப்டுக்குச் சண்ட. நான் இல்லாம எப்பிடி?"

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. இருந்தும் முதுகில் ஏற்றிக்கொண்டாள். தூறல் பிடித்திருந்தது. படியின் வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது.

"அம்மா, மெதுவா. நான் என்ன சிமெண்டு மூட்டையா?"

"மூட்டைன்னா வாய மூடிட்டு வரும்டி."

ஜன்னல் வந்தது. கை தன்னால் கம்பியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. இவ்வளவு பேர் முன்னால் நம் பிள்ளையின் வழியை மறித்து உட்கார்ந்திருப்பவளின் ஜன்னலையா பிடிப்பது? கையை இழுத்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

முழங்கால் மடங்கியது. கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் நழுவின. மர்யோரி அவள் தோளைத் தாண்டிக் கீழே

(இந்த வாக்கியம் ஒரு வாரம் இப்படியே கிடந்தது. முடிக்கத் தைரியம் வரவில்லை.)

4

மர்யோரி கீழே விழவில்லை. ரெஸ்பா பிடித்துவிட்டார்.

நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தார், எப்படிப் படியேறினார் என்று எவரும் பார்க்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி ஈரப்படியில் சறுக்கி உட்கார்ந்திருந்தார். மேலே லூஸ் தாரி இரண்டு கைகளாலும் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

(மழை நான் சேர்த்தது, அன்று நல்ல வெயில். கைகள் நான் சேர்த்தவையல்ல. இறைவன் மனிதர்களுக்குக் கை கொடுத்தது எதற்கென்று நான் நம்புகிறேனோ அதற்காக அவை நீண்டதைக் கண்ணால் கண்டேன்.)

"அடி பட்டுச்சாடி? தலையக் காட்டு."

"இல்ல. உங்க மேல வெங்காய வாசன அடிக்குது."

"நல்லவேள, வாய்க்கு ஒண்ணும் ஆகல."

முற்றத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அதை முதலில் கவனித்தவன் எல்கின். கடப்பாறையை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, லூஸ் தாரியிடம், "அக்கா, இப்பவே ஆரம்பிச்சிரலாமா?" என்றான்.

நாற்காலியை நகர்த்த ஒரு கை போதும். லூஸ் தாரி அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ரெஸ்பாவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிவதைப் பார்த்தாள்.

"நாற்காலியத் தொடாத, எல்கின்."

கம்பியை விடாமல், ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே நகர்ந்து, ரெஸ்பாவின் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"அக்கா, மொதல்லயே உங்ககிட்ட வந்திருக்கணும். எங்க லிப்டு உங்க ஜன்னலுக்கு முன்னாடி ஏறலாமா?"

5

இதற்குப் பிறகு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ரெஸ்பா தலையாட்டுகிறார், எல்லோரும் சூப்பு குடிக்கிறார்கள். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றியவரிடமிருந்து ஜன்னலையும் வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. இன்னொன்றில் அவர் முடியாது என்கிறார். அன்றிரவு என்னால் ஜெபம் செய்ய முடியவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஆகவே அவர்களை அந்தப் படியிலேயே விட்டுவருகிறேன். மர்யோரி இன்னும் ரெஸ்பாவின் மடியில்தான் இருக்கிறாள். இறக்கிவிடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. இறக்கிவிடும் எண்ணம் அவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. எல்கின் கடப்பாறையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான். ரெஸ்பா தன் ஜன்னலைப் பார்க்கிறார், பிள்ளையின் கால்களைப் பார்க்கிறார், பதில் சொல்ல வாயைத் திறக்கிறார்.

அந்த மடியில் கொஞ்ச நேரம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஜன்னலுக்குள்ளேயும் ஒரு நாள் இருந்து பாருங்கள். பிறகு அவர் சொல்வதை நீங்களே எழுதுங்கள். நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை.